மூன்றாவது கம்பி

ஆசீர் கேட்ட கேள்வியைக்கூட மங்கையர்க்கரசி தாங்கிக்கொண்டிருப்பாள். கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பியானோவின் பெரிய மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தினார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், பையிலிருந்து ட்யூனிங் சாவியை எடுத்தார், அதே மூச்சில், "மங்கை, ஒண்ணு கேக்கணும். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிடலாமா? இப்பவே சொல்லணும்னு இல்ல. ட்யூன் பண்ணுத நேரம் பேச முடியாதுல்லா, அந்த நேரத்துல யோசிங்க. முடிச்சதும் சொன்னா போதும்" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் 'உஷ்' என்று சைகை காட்டினார். கேள்வி கேட்ட ஆளே வாயைப் பொத்தச் சொன்னால் ஒருத்தி என்னதான் செய்வாள்? பியானோவுக்குச் சுருதி சேர்க்கும்போது அறையில் யாரும் பேசக் கூடாது, அது சட்டம். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது அவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய அலைவு எழும். அதைக் காதால் பிடித்து, சாவியை இம்மி இம்மியாகத் திருப்பி, அலைவு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றேபோகும் இடத்தில் கையை எடுக்க வேண்டும். இருமல் கூடாது, ஃபேன் கூடாது, ஏ.சி. கூடாது. கீழ்ப்பாக்கத்தில், மே மாதத்தில், பத்மாசனி அம்மாளின் மாடி ஹாலில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, முதுகில் வியர்வை ஊற, நாற்பத்து மூன்று வயதில் ஒரு கல்யாணப் பேச்சை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மங்கை.

டிங். டிங். டிங். ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தார். மனுஷன் கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். தலையைச் சாய்த்து, இடது கண்ணை மட்டும் மூடி, மீன் முள்ளைப் பல்லிடுக்கில் தேடுகிறவர்போல எப்போதும் வைத்துக்கொள்ளும் அதே முகம். டீ குடிக்கலாமா என்று கேட்டிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பார். டீக்காவது பாலா, கட்டனா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்டிருப்பார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது, மைக் இருக்கிறது, மைக் இன்னும் ஓடவில்லை, இருந்தாலும் சட்டம் சட்டம்தான். இரண்டு வருஷமாக இந்த ஆளைத் தெரியும். இந்த ஊரில் பியானோ இருக்கிற வீடுகளெல்லாம் அவருக்கு அத்துப்படி, எந்த வீட்டுப் பியானோ மழைக்கு உப்பும், எந்த வீட்டில் எலி உள்ளே இருக்கும் கம்பளி ஃபெல்ட்டைத் தின்கிறது என்பது உட்பட. அவளுக்கோ பியானோவே வேண்டாம். அவளும் அலுவலகத்தில் நாலு பேரும் சேர்ந்து பியானோ இல்லாமலே பியானோ செய்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் பதிவு செய்த சத்தம் ஒன்றுகூடக் கிடையாது. கம்பியின் தடிமன், அதன் இழுவிசை, சுத்தியலின் தலையில் இருக்கும் கம்பளி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, அடியில் இருக்கும் மரப்பலகை எப்படி அதிர்கிறது, எல்லாம் சமன்பாடு. கட்டையைத் தொட்டால் அந்தக் கணத்தில் கணக்குப் போட்டுச் சத்தத்தைப் பிறப்பிக்கும். மாடல் என்றுதான் அவர்கள் அதைச் சொல்வார்கள். இந்தப் பியானோவை இன்றைக்கு ஒவ்வொரு கட்டையாகப் பதிவு செய்து, மாடலைப் பக்கத்தில் வைத்து, எங்கே வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். அதற்காக வந்தவளிடம் போய் இந்தக் கேள்வி. வேறு நாளே கிடைக்கவில்லையா? நேற்று ஃபோனில் கேட்டிருக்கலாமே. ஃபோனில் கேட்டிருந்தால் வைத்துவிட்டு மூன்று நாளைக்கு அவர் கூப்பிட்டால் எடுத்திருக்க மாட்டாள். அவருக்கு அது தெரியும் போலிருக்கிறது.

அடுத்த கட்டைக்கு உரிய மூன்று கம்பிகளையும் சேர்த்தார், அலைவு வழுக்கிக்கொண்டு நின்றது. சரியாக நின்றது. கெட்டிக்காரர். அலுவலகத்தில் திரைக்குப் பின்னால் நிஜப் பியானோவின் பதிவையும் மாடலையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு சோதனை வைத்தார்களே, அதில் மங்கை நிஜம் என்று கை தூக்கியது அவளே செய்த மாடலுக்கு. எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், கேக் வாங்கினார்கள். இரண்டு நாள் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்றாவது நாள் குளிக்கும்போது, அப்படியென்றால் எனக்கே தெரியவில்லையா என்று ஒரு சின்ன உறுத்தல். அதை ஆசீரிடம்தான் போய்ச் சொன்னாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டி, மாடலைக் கண்ணை மூடிக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். "ரொம்ப நல்லாருக்கு. இது யார் வீட்டுப் பியானோ?" என்றார். யார் வீட்டுப் பியானோவும் இல்லை, அதுதான் விஷயமே என்று அவள் எரிந்து விழுந்தாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் உட்கார்ந்து, மாடலுக்கு ஒரு ஹாலும், ஹாலில் ஒரு ஜமுக்காளமும், ஜன்னலுக்குத் திரைச்சீலையும் கணக்கில் சேர்த்தாள். அப்புறம் போட்டுக் காட்டினால், "இப்ப யாரோ குடிவந்துட்டாங்க" என்று சிரிக்கிறார். அவர் ஒன்றும் கம்ப்யூட்டருக்கு விரோதி இல்லை. உலகத்துப் பியானோவையெல்லாம் தடவிக்கொடுக்கும் இந்த மனிதரின் பெரம்பூர் வீட்டில் பியானோ இல்லை என்று தெரிந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஒரு சின்ன மின்சாரக் கீபோர்டு, அதில் ஹெட்ஃபோன். "வீட்டுக்குப் போயும் ட்யூன் பண்ணவா? இதுன்னா சுருதி கலையாது, பக்கத்து வீட்டுக்காரனும் சண்டைக்கு வரமாட்டான்" என்றார். மாடல் தயாரானதும் தனக்கு ஒன்று வேண்டும் என்று முதல் ஆளாகச் சொல்லிவைத்திருப்பவரும் அவர்தான்.

அந்தக் கீபோர்டை நினைத்ததும் முதல் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கீபோர்டுக்குள் இருப்பது பதிவு செய்த சத்தம். ஒரு கட்டையைத் தொட்டால் எப்போதோ எங்கேயோ யாரோ அடித்த அதே அடி திரும்ப வரும். நூறு முறை தொட்டால் நூறு முறையும் அதே. அவளுடைய முதல் கணவர் அப்படி. நல்லவர், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. என்ன கேட்டாலும் 'பாக்கலாம்' என்பார். அப்பா ஆஸ்பத்திரியில் என்று அழுதுகொண்டே சொன்னபோதும் 'பாக்கலாம்.' பதவி உயர்வு கிடைத்தது என்று ஓடிவந்து சொன்னபோதும் 'பாக்கலாம்.' நான் போகிறேன் என்றபோது அவர் என்ன சொன்னார் என்பதை அவள் தோழிகளிடம் சொல்வதே இல்லை, அவர்களே சரியாகச் சொல்லிவிடுவார்கள். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அறைந்தாலும் ஒரே சத்தம் வருகிற ஒன்றோடு ஏழு வருஷம் இருந்தது போதாதா? பத்து வருஷமாகத் தனி வீடு, தனிச் சாவி, ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் உப்புமா. சுகமாகத்தான் இருக்கிறாள். யார் மேலும் குறை இல்லை. இப்போது இந்த ஆசீர் வந்து நிற்கிறார், குனிந்து நிற்கிறார், கை நடுங்காமல் நிற்கிறார். அதுதான் பயம். அதை மட்டும்தான் அவள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மதம் வேறு என்பது பெரிதில்லை, அக்கா வடிவு ஒரு மாதம் அழுதுவிட்டு அப்புறம் புடவை எடுக்க வந்துவிடுவாள். வயது பெரிதில்லை. ஒரு பெண்ணிடம் கல்யாணம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஒரு சுரம்கூடப் பிசகாமல் பியானோ சேர்க்க முடிகிற ஆள் இன்னொரு 'பாக்கலாம்' இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கதவு கிறீச்சிட்டது. பத்மாசனி அம்மாள். பியானோவுக்குச் சொந்தக்காரி, வீட்டுக்கும். கையில் இரண்டு டம்ளர் மோர். வாயைத் திறந்தாள். மங்கை இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அம்மாள் புருவத்தை உயர்த்தி, ஆசீரைச் சுட்டி, எவ்வளவு நேரம் என்று விரலால் கேட்டாள். மங்கை தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். அம்மாள் மங்கையின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஏன் சிவந்திருக்கிறாய், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். இல்லை, வெயில், என்று மங்கை கையால் விசிறிக் காட்டினாள். அம்மாள் ஆசீரைப் பார்த்தாள், மங்கையைப் பார்த்தாள், மறுபடி ஆசீரைப் பார்த்தாள். அப்புறம் எல்லாவற்றையும் பேசிவிட்ட மாதிரி ஒரு சிரிப்போடு, மோரை ஸ்டூலில் வைத்துவிட்டுப் பூனைபோலப் போனாள். கதவைச் சாத்தும்போது மட்டும் டப் என்று சாத்தினாள். ஆசீர் திரும்பிப் பார்த்து, மோரைக் கண்டு தலையசைத்துவிட்டு, மறுபடி குனிந்தார். பார்த்தாயா, மோரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மங்கைக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. மோர் நன்றாக இருந்தது, அம்மாள் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். ஆசீரின் டம்ளரையும் மங்கையே எடுத்துக் குடித்துவிட்டாள்.

சரி, மாடல் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள், அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆசீர் என்றால் என்ன? பேச்சில் பாளையங்கோட்டை, பையில் ஃபெல்ட் துண்டுகள், ஞாயிறு காலை சர்ச், மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு, அப்புறம் ஒரு தூக்கம். மனைவி இறந்து ஆறு வருஷம். அந்த அம்மாவைப் பற்றி அதிகம் பேச மாட்டார், பேசினால் நல்ல விதமாகப் பேசுவார். குறட்டை உண்டா தெரியாது, அது ஒரு விடுபட்ட எண். மழையில் அவள் வண்டி நின்றுபோனபோது தண்டையார்பேட்டையில் வேலையில் இருந்தவர் அங்கிருந்து வந்தார். என்ன சொன்னால் என்ன சொல்வார் என்று பெரும்பாலும் தெரியும். ஆனால் இன்று காலை கேட்டது கணக்கில் வரவே இல்லையே. இரண்டு வருஷமாக எண் எண்ணாகச் சேர்த்து வைத்தும் அது வரவில்லை. பியானோவின் மிதியைக் காலால் அழுத்திவிட்டு ஒரு கட்டையைத் தட்டினால், தொடாத கம்பிகளும் தாங்களாகவே சேர்ந்து முனகும். அதை மாடலுக்குச் சொல்லிக்கொடுக்க எட்டு மாதம் ஆயிற்று, அலுவலகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டார்கள். இங்கே இதோ, இந்த மரப்பெட்டி சும்மா செய்கிறது, யாரும் கேட்காமலே. நான் ஏன் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததுதான். அவரைப் பிடித்திருக்கிறது. மிகவும் பிடித்திருக்கிறது. அவர் வரும் நாளில் அவள் நல்ல கம்மல் போட்டுக்கொள்கிறாள், இன்றைக்கும் போட்டிருக்கிறாள். பிரச்சினை அவள் பக்கம் இல்லை. தொட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வருமா என்பதுதான். வராது என்றால் வேண்டவே வேண்டாம். இந்தக் கையைப் பார்த்தால் வராது போலத்தான் இருக்கிறது. மேல் கட்டைகளுக்குப் போய்விட்டார், சாவி அசைவதே தெரியவில்லை, அவ்வளவு நிதானம். ஒரு மாதம் அவகாசம் கேட்கலாம் என்று முடிவு செய்தாள். ஒரு மாதம் என்பது மரியாதையாக ஒரு 'இல்லை' என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடைசிக் கட்டையும் சேர்ந்தது. ஆசீர் ஃபெல்ட் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டார், நிமிர்ந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான், பதிலுக்காக நின்றார். யோசித்து வைத்த அத்தனையும் காற்றில் போக, மங்கை "முதல்ல ரெக்கார்டிங் முடிச்சுடலாமே. இப்பதான் சுருதி சுத்தமா இருக்கு" என்று உளறினாள். "சரி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பியானோ முன் உட்கார்ந்தார். சரியாம். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பட்டனைத் தட்டினாள். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு தரம், நடுத்தரமாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம் அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தாமிரம் சுற்றிய கீழ்க் கம்பிகள் உறுமின. நடுவுக்கு வந்தார். நன்றாக இருந்தது, மாடலில் இந்தக் கனம் இன்னும் வரவில்லை, இந்த இடத்தில் பலகையின் எண்ணைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், நல்லவேளை வேலை என்று ஒன்று இருக்கிறது. நடுவைத் தாண்டி மேலே ஒரு கட்டை. மெதுவாக. மங்கை நிமிர்ந்தாள். ஒல்லியாக இருந்தது. நடுத்தரமாக. மறுபடியும் ஒல்லி, ஓரத்தில் ஒரு மொக்கைத் தட்டல். மைக்கா? இல்லை, பக்கத்துக் கட்டை நன்றாக வந்ததே. சுத்தியல் கம்பளி தேய்ந்துவிட்டதா? தேய்ந்தால் கூர்மையாகக் கேட்கும், இது அப்படி இல்லை. மாடலில் ஒரு தரம் இப்படி வந்தது, மூன்று கம்பிகளில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தபோது. மூன்று கம்பி பாடவேண்டிய இடத்தில் இரண்டுதான் பாடுகிறது. ஆசீர் ஓங்கி அழுத்தினார், சத்தம் அடங்கக் காத்திருந்தார், அடுத்த கட்டைக்குப் போய்விட்டார். கேட்கவில்லை! அவருக்குக் கேட்கவில்லை! தெருமுனையில் பள்ளிக்கூட மணி அடித்தாலே என்ன சுரம் என்று சொல்கிறவருக்கு, மூக்குக்குக் கீழே மூன்று தரம் அடித்தது கேட்கவில்லை. மங்கை எட்டிப் பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில், ஒரு ஃபெல்ட் துண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுருதி சேர்க்கும்போது ஒரு கம்பி மட்டும் பாடட்டும் என்று மற்றதை அமுக்கிவைக்கச் செருகுவது. எடுக்க மறந்துவிட்டார். இருபது வருஷத் தொழில்காரர், எழுந்து போகுமுன் பியானோவைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டுப் போகிறவர், துண்டை உள்ளே விட்டுவிட்டு, அது செருகியிருந்த கம்பியைச் சேர்க்காமலே விட்டுவிட்டு, சமர்த்தாக அடுத்த கட்டையை அழுத்திக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்துவிட்டது. நடுங்கியிருக்கிறது! வெளியே காட்டாமல், இவ்வளவு நேரமும், உள்ளுக்குள் மனுஷன் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆசீர்" என்றாள். அவர் கையைச் சட்டென்று எடுத்தார். "நிறுத்துங்க. உள்ள ஒரு துண்டு இருக்கு, எடுக்காம விட்டுட்டீங்க." அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். முகம் காது மடல் வரைக்கும் சிவந்துபோயிற்று, அந்தக் கறுத்த முகத்திலும் அது நன்றாகவே தெரிந்தது. "அட, என்ன கூத்து இது. இத்தன வருசத்துல ஒருநாளும் இப்படி விட்டதில்ல" என்றார். "அடிச்சப்ப கேக்கலையா உங்களுக்கு? மூணு தரம் அடிச்சீங்க." அவர் துண்டை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எங்கே கேக்க? காலையில இருந்து என் காது இங்க இல்லயே மங்கை. உங்க பக்கம்லா கெடந்துச்சு. நீங்க மோர் குடிச்ச சத்தம் கேட்டுச்சு, ரெண்டு டம்ளர். பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. இந்தப் பெட்டி என்ன பேசிச்சுன்னு சத்தியமா தெரியாது. கை பழக்கத்துல ஓடுச்சு, அவ்வளவுதான்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்து, விடுபட்ட மூன்றாவது கம்பியின் முனையில் மாட்டினார். "இத மட்டும் சேத்துடுதேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி. வேண்டாம்னாலும் ரெக்கார்டிங்குக்கு வருவேன், அதுல ஒண்ணும் இல்ல."

அந்தக் கம்பி மற்ற இரண்டோடும் ஒட்டாமல் வாவ் வாவ் என்று அலைந்தது. அவர் குனிந்து, தலையைச் சாய்த்து, இடது கண்ணை மூடினார். பேசக் கூடாது. பேசக் கூடாத நேரம்தான். அலைவு மெதுவாகியது, இன்னும் கொஞ்சம், இதோ நிற்கப்போகிறது. "பண்ணிக்கலாம் ஆசீர்" என்றாள் மங்கை. அவர் கை வெடுக்கென்று இழுத்தது. கம்பி ஒட்டாத உயரத்துக்கு ஏறி, பக்கத்துக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அவள் வாழ்நாளில் கேட்டதிலேயே கேவலமான ஒரு சத்தம் போட்டது. ஆசீர் சாவியைப் பிடித்த கையோடு அப்படியே நின்று, சிரிக்கவா அழவா என்று தெரியாத ஒரு முகத்தோடு அன்றைக்கு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "மறுபடி சொல்லுங்க, சரியா கேக்கல" என்றார், பொய், கேட்டதுதான். அவள் மறுபடி சொன்னாள். கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அவள் அதை நிறுத்தவில்லை.